பழைய அமெரிக்கச் சிறுகதைகளும் பேய்க்கதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்கர் ஆலன் போ, நத்தேனியல் ஹாதோர்ன், வாஷிங்டன் இர்விங், ஆம்ப்ரோஸ் பியர்ஸ் போன்றவர்களின் கதைகளை முதன்முறையாகப் படிக்க எடுப்பவர்களும், கல்லூரிப் பாடத்தில் படித்துவிட்டு இப்போது மறுபடி எடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. சில பதில்களில் கதையின் முடிவும் வரும். அந்தப் பதில்களின் தொடக்கத்திலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறது.

ஒரே ஒரு கதை படிச்சுப் பார்க்கிறேன், பிடிச்சா தொடர்றேன். எதை எடுக்கட்டும்?

போவின் ‘தி டெல்-டேல் ஹார்ட்’. 1843இல் வெளியானது. ஏறத்தாழ 2,200 சொற்கள்தான், நிதானமாகப் படித்தாலும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு கிழவரைக் கொன்றவன், தனக்குப் பைத்தியம் இல்லை என்று நிரூபிப்பதற்காகவே அந்தக் கொலையை விவரமாகச் சொல்கிறான். இந்த வகைக் கதைகளைப் படிக்க வேண்டிய பழக்கம் அந்தச் சில பக்கங்களிலேயே கைவந்துவிடும்.

அடுத்து பியர்ஸின் ‘ஆன் அக்கரன்ஸ் அட் அவுல் க்ரீக் பிரிட்ஜ்’ (1890), பிறகு சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ (1892), ஹாதோர்னின் ‘யங் குட்மன் பிரவுன்’ (1835), போவின் ‘தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்’ (1839) என்று போகலாம். வெளியான ஆண்டு வரிசையில் போக வேண்டாம். அப்படிப் போனால் முதலில் மாட்டுவது இர்விங்கின் ‘தி லெஜண்ட் ஆஃப் ஸ்லீப்பி ஹாலோ’ (1820). சுமார் 12,000 சொற்கள் கொண்ட அந்தக் கதையில் குதிரைக்காரன் துரத்துவது கடைசிப் பகுதியில்தான். அதற்கு முன்னால், டச்சுக் குடியானவர் வீட்டு விருந்தில் என்னென்ன பலகாரம் இருந்தது என்பதற்கே ஒரு நீண்ட பத்தி உண்டு. ரசிக்க வேண்டிய பத்தி அது. ஆனால் முதல் நாளே அதில் இறங்கினால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

படிச்சேன். பயமாவே இல்லையே? இப்ப வர்ற படங்கள்ல இதைவிட எவ்வளவோ பயம் இருக்கு.

திடுக்கிட வைப்பதைப் படங்கள் நன்றாகச் செய்கின்றன. இந்தக் கதைகளின் நோக்கம் அதுவல்ல. படித்து முடித்த பிறகு ஏதோ ஒன்று சரியில்லை என்ற உறுத்தல் மனதில் தங்க வேண்டும். அந்த உறுத்தல் வளர்வதற்குத் தொடர்ச்சியான வாசிப்பு தேவை. ஹாதோர்னின் கதைகளைப் பற்றி 1842இல் எழுதிய மதிப்புரையில் போ இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: சிறுகதையை ஒரே அமர்வில் படிக்க வேண்டும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும். அந்த எண்ணத்தோடு கட்டிய கதையைப் பேருந்தில் நாலு தவணையாகப் படித்தால் ஒன்றும் நடக்காது. ‘அஷர்’ கதைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், போனைப் பக்கத்து அறையில் வையுங்கள்.

இன்னொரு பழக்கமும் உதவும். கதை முடிந்த கையோடு முதல் பத்தியை மறுபடி படியுங்கள். ‘டெல்-டேல் ஹார்ட்’ தொடக்கத்தில், வானத்திலும் பூமியிலும் உள்ள எல்லாமே தன் காதில் விழுந்தன, நரகத்தில் உள்ளவையும் பல விழுந்தன என்கிறான் அவன். முதல் தடவை அது வெறும் பிதற்றல். கடைசிப் பக்கத்தில் அவன் எந்தச் சத்தத்தைக் கேட்டான் என்று தெரிந்த பிறகு அந்த வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியாது.

இங்கிலீஷ் ரொம்பப் பழசா இருக்கு. சுருக்கின, எளிமையாக்கின பதிப்பு படிச்சா போதாதா?

போவுக்குப் போதாது. எளிமையாக்குபவர்கள் முதலில் வெட்டுவது சொல்பவரின் தடுமாற்றத்தையும், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதையும்தான். கதையே அதில்தான் இருக்கிறது. இர்விங்கைச் சுருக்கிப் படித்தாலாவது கதை மிஞ்சும்.

மொழி கடினமென்றால் எளிய ஆசிரியரிடமிருந்து தொடங்குங்கள். கில்மனுடைய பத்திகள் ஒன்றிரண்டு வாக்கியங்களில் முடிகின்றன, பியர்ஸ் ராணுவ அறிக்கை போல எழுதுகிறார். போவின் நீண்ட வாக்கியத்தில் சிக்கினால் அகராதியைத் திறக்காமல் முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் அகராதி பார்த்தால் ஓட்டம் அறுந்துபோகும். தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுப் போய், இரண்டாம் வாசிப்பில் பார்த்துக்கொள்ளலாம். லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிப்பதிவைக் கேட்டபடியே படிப்பதும் நல்ல வழி. தலைப்புக்குக் கீழே வரும் பிறமொழி மேற்கோளைத் தாண்டிவிடலாம், ‘அஷர்’ தவிர. அவன் இதயம் தொங்கவிட்ட வீணை போன்றது, தொட்டவுடனே அதிர்கிறது என்ற பொருளில் அங்கே வரும் இரண்டு பிரெஞ்சு வரிகள் ராடரிக் அஷரின் நோயையே முன்கூட்டிச் சொல்கின்றன.

இலவசமா எங்கே கிடைக்கும்? சட்டச் சிக்கல் இருக்கா?

புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் மேலே சொன்ன எல்லாமே இருக்கின்றன. அந்தக் காலத்துப் படைப்புகளுக்கு அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகளும், இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளும் முடிந்தால் காப்புரிமை தீர்ந்துவிடும். போ 1849இல் இறந்தவர், கில்மன் 1935இல். ஷர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’ மட்டும் 1948இல் வந்தது. அமெரிக்காவில் அதன் உரிமை 2043 முடிய நீடிக்கும். அதனால் குட்டன்பர்க்கில் தேடிக் கிடைக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம், தொகுப்பை வாங்கிப் படியுங்கள்.

கவனிக்க வேண்டியது பதிப்பு. போ தன் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தவர். ‘தி ஓவல் போர்ட்ரெயிட்’ 1842இல் வேறு தலைப்பில், அபின் உண்பதைப் பற்றிய நீண்ட தொடக்கத்தோடு வந்தது. 1845இல் அந்தத் தொடக்கத்தை அவரே வெட்டி எறிந்தார். நண்பர் படித்ததும் நீங்கள் படித்ததும் வேறாக இருந்தால் யாருக்கும் ஞாபகப் பிசகு இல்லை, பதிப்பு வேறு.

கதை சொல்றவர் பொய் சொல்றார்னு எல்லாரும் சொல்றாங்க. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

‘டெல்-டேல் ஹார்ட்’ முடிவு இதில் வருகிறது. நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, யாரிடம் சொல்கிறார்? போவின் ‘தி காஸ்க் ஆஃப் அமான்டியாடோ’ (1846) தொடக்கத்தில், என் ஆன்மாவின் இயல்பை நன்றாக அறிந்த நீங்கள் என்று யாரையோ விளிக்கிறான் ஃபார்ச்சுனாட்டோவைக் கொன்ற மான்ட்ரெசர். கொலை நடந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்பது கடைசியில்தான் தெரிகிறது. சாகப்போகும் கிழவன் ஒருவன் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறானா, அல்லது பெருமை பேசுகிறானா? இரண்டில் எதை நினைத்துக்கொண்டு படிக்கிறீர்களோ அதற்கேற்ப ஒவ்வொரு வரியின் தொனியும் மாறும்.

இரண்டாவது, யாரும் கேட்காததை எதற்காக வலியுறுத்துகிறார்? எனக்குப் பைத்தியம் இல்லை என்று தானாகவே சொல்பவனைக் கவனியுங்கள். மூன்றாவது, எது சொல்லப்படவே இல்லை? ஃபார்ச்சுனாட்டோ செய்த அவமானம் என்னவென்று மான்ட்ரெசர் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. ஒரு மனிதனைச் சுவருக்குள் வைத்துக் கட்டும் அளவுக்குப் பெரிய குற்றமென்றால் அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

நான்காவதுதான் மிகவும் பயன்படுவது: பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? ‘டெல்-டேல் ஹார்ட்’ கதையில் தரைப்பலகைக்கு அடியில் கிழவரின் இதயம் துடிப்பது கொலை செய்தவனுக்குக் காது கிழியக் கேட்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று காவலர்களோ சிரித்து, சாவகாசமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் கேட்டுவிட்டு நடிக்கிறார்கள் என்கிறான் இவன். நம்புவதா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு முடிவு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சு. இனிமே படிச்சு என்ன?

‘அவுல் க்ரீக் பிரிட்ஜ்’ முடிவு இங்கே இருக்கிறது. பியர்ஸின் கதை முடிவு தெரிந்தவர்களுக்குத்தான் முழுதாகத் திறக்கிறது. உள்நாட்டுப் போரின்போது வடக்கு அலபாமாவில் ரயில் பாலத்தின் மேல் பேட்டன் ஃபார்க்கரைத் தூக்கிலிடுகிறார்கள். கயிறு அறுந்து, ஆற்றில் நீந்தி, காட்டு வழியே வீட்டுக்கு ஓடி, மனைவியை நெருங்கும் வேளையில் கழுத்தில் அடி விழுகிறது. அத்தனையும் விழுந்த அந்தக் கணத்தில் அவன் மனம் கண்டவை. உடல் பாலத்துக்கு அடியில்தான் தொங்குகிறது.

இப்போது திரும்பப் போய்ப் பாருங்கள். மூன்றாம் பகுதியின் முதல் வாக்கியமே அவன் ஏற்கெனவே இறந்தவனைப் போல இருந்தான் என்கிறது. தண்ணீரிலிருந்து கொண்டே கரையோர மரங்களின் இலை நரம்புகளையும் அவற்றின் மேலிருக்கும் பூச்சிகளையும் காண்கிறான், பாலத்தின் மேல் குறிபார்ப்பவனின் கண் நிறம்கூடத் தெரிகிறது. வழியில் கழுத்து வீங்கி வலிக்கிறது, நாக்கு தடித்துப்போகிறது. வீட்டு வாசலை நெருங்கும்போது வினைச்சொற்கள் இறந்த காலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு மாறுகின்றன. எதையும் மறைக்காமல் கண்ணெதிரே வைத்துவிட்டுத்தான் பியர்ஸ் நம்மை ஏமாற்றுகிறார். அவன் பிழைக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதால் எதுவும் கண்ணில் படுவதில்லை. போர்முனையில் பணியாற்றிய ஒருவர் எழுதியது என்பதால் அந்த ஏமாற்றத்துக்குக் கனம் கூடுகிறது.

‘மங்கீஸ் பா’ இந்தப் பட்டியல்ல ஏன் இல்லை? இங்கிலாந்துப் பேய்க்கதைக்கும் அமெரிக்கப் பேய்க்கதைக்கும் என்ன வித்தியாசம்?

‘தி மங்கீஸ் பா’ (1902) லண்டன்காரரான டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதியது. அமெரிக்கத் தொகுப்புகளிலும் பாடநூல்களிலும் அடிக்கடி சேர்க்கப்படுவதால் வரும் குழப்பம் இது.

பேய் குடியிருக்கப் பழைய கோட்டை அமெரிக்க எழுத்தாளர்களுக்குக் கிடைக்கவில்லை. நிழலும் பழமையும் இல்லாத நாட்டில் கதை எழுதுவது கஷ்டம் என்று ஹாதோர்னே 1860இல் ஒரு நாவலின் முன்னுரையில் எழுதினார். ஆகவே அவர்கள் வேறு இடம் தேடினார்கள்: காடு, கண்டிப்பான கிறித்தவப் பிரிவினரான பியூரிட்டன்களின் ஊர்கள், போர்க்களம், அடிமைகள் உழைத்த தோட்டம், தனியாக அடைபட்ட மனிதனின் மூளை. இந்தக் கதைகளில் பேயைத் தேடிப் போனால் பெரும்பாலும் வரலாற்றில்தான் போய் நிற்போம். கீழே வரும் பதில்கள் பலவும் அங்கேதான் போகின்றன.

ஸ்லீப்பி ஹாலோவில வர்ற தலையில்லாத குதிரைக்காரன் நிஜப் பேயா?

முடிவு உண்டு. இர்விங்கின் கதையில் குதிரைக்காரன் துரத்திய இரவுக்கு மறுநாள் காலை கிடைப்பவை பள்ளி ஆசிரியர் இகபாட் கிரேனின் தொப்பியும், பக்கத்தில் உடைந்த பூசணிக்காயும். இகபாட் மணக்க விரும்பிய காத்ரீனாவை மணந்துகொண்ட பிராம் போன்ஸ், பூசணிக்காய் என்ற பேச்சு வந்தாலே விழுந்து விழுந்து சிரிக்கிறான். நியூயார்க் போய்வந்த கிழவர் ஒருவர், இகபாட் உயிரோடு இருக்கிறார், வழக்கறிஞராகிவிட்டார் என்கிறார். ஊர்க் கிழவிகளோ பேய்தான் தூக்கிப் போனது என்கிறார்கள். கதைக்குப் பின்குறிப்பில், இதில் பாதியைக்கூட நானே நம்பவில்லை என்கிறார் சொன்னவர்.

திரைப்படங்களில் வரும் எரியும் பூசணித் தலை, ஹாலோவீன் இரவு இரண்டுமே மூலக்கதையில் இல்லை. அது ஓர் இலையுதிர்கால விருந்து இரவு, அவ்வளவுதான். குதிரைக்காரன் அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் தரப்புக்குக் கூலிக்குப் போரிட்டு, பீரங்கிக் குண்டில் தலையை இழந்த ஹெஸ்ஸன் வீரன் என்பது ஊர் நம்பிக்கை. பக்கத்திலிருந்த நார்த் டாரிடவுன் என்ற ஊர் 1996இல் தன் பெயரையே ஸ்லீப்பி ஹாலோ என்று மாற்றிக்கொண்டது.

‘யங் குட்மன் பிரவுன்’ கடைசியில கனவா நிஜமான்னு புரியலை.

முடிவு வருகிறது. குழம்ப வேண்டாம், ஹாதோர்னே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, கனவு என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார். விஷயம் அதில் இல்லை. 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரில் நடந்த சூனிய விசாரணைகளில் என்ன நடந்தது என்று தெரிந்தால் கதை வேறாகத் தெரியும். இன்னாரின் ஆவி உருவம் வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒருவர் சொன்னால் அதை நீதிமன்றம் சாட்சியாக ஏற்றது. அந்த நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வாய் திறக்க மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரி மேல் கற்களை ஏற்றிக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு வந்த புதிய நீதிமன்றம் அப்படிப்பட்ட சாட்சியை ஒதுக்கியதும் வழக்குகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

பிரவுன் ஓர் இரவு காட்டுக்குள் போய்க் காண்பவையும் உருவங்களே. ஊர்ப் பாதிரியார், மூத்தோர், வேதம் சொல்லிக்கொடுத்த கூடி க்ளோய்ஸ் என்று ஒவ்வொருவராகச் சாத்தானின் கூட்டத்துக்குப் போகிறார்கள். க்ளோய்ஸ், மார்த்தா கேரியர் ஆகியவை 1692 வழக்குகளில் வந்த உண்மைப் பெயர்கள், கேரியர் தூக்கிலிடப்பட்டவர். மனைவி ஃபெயித்தின் இளஞ்சிவப்பு ரிப்பன் காற்றில் வந்து விழுவதைக் கண்டு அவளும் போய்விட்டாள் என்று முடிவு கட்டுகிறான். விடிந்ததும் ஊர் வாசலில் அதே ரிப்பனோடு அவள் ஓடிவருகிறாள். அதைப் பார்த்தும் அவன் மாறுவதில்லை. ஓர் இரவில் தான் மட்டும் கண்டதை வைத்து ஊர் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிட்டு, சாகும்வரை யாரையும் நம்பாமல் வாழ்கிறான். சேலம் நீதிபதிகள் செய்ததும் அதுதான்.

அவர்களில் ஒருவரான ஜான் ஹாதோர்ன் எழுத்தாளரின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தந்தை. குவேக்கர் என்ற வேறொரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருத்தியைச் சேலம் தெருக்களில் சவுக்கால் அடிக்க உன் தாத்தாவுக்கு நான்தான் துணை நின்றேன் என்று சாத்தான் பிரவுனிடம் சொல்லும் வரியைப் படிக்கும்போது, குவேக்கர்களைத் துன்புறுத்திய வில்லியம் ஹாதோர்னும் அதே குடும்பத்தின் மூதாதைதான் என்பதை மறக்க வேண்டாம்.

‘யெல்லோ வால்பேப்பர்’ பேய்க்கதையா, பெண்ணியக் கதையா?

இரண்டாகவும் எழுதப்பட்டதுதான். பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்த பெண்ணை, மருத்துவரான கணவன் மாடி அறையில் ஓய்வில் வைக்கிறான், எழுதக்கூடாது என்கிறான். கதையில் பெயரோடு வரும் வேர் மிட்சல் உண்மை மருத்துவர், ஓய்வுச் சிகிச்சையால் புகழ்பெற்றவர். 1887இல் அவரிடம் போன கில்மனுக்கு, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறிவுசார்ந்த வேலை கூடாது, இனி வாழ்நாளில் பேனாவைத் தொடவே கூடாது என்ற அறிவுரைதான் கிடைத்தது. 1913இல் கில்மனே இதை எழுதியிருக்கிறார்.

பேய்க்கதையாகப் படிப்பவர்கள் அறையைக் கவனிக்க வேண்டும். ஜன்னலுக்குக் கம்பி, சுவரில் வளையங்கள், தரையோடு ஆணியடித்த கட்டில். குழந்தைகள் அறையாக இருந்திருக்கும் என்கிறாள் அவள். கட்டிலில் பல் தடம் இருக்கிறது, அதுவும் குழந்தைகளின் வேலை என்கிறாள். சுவரைச் சுற்றித் தோள் உயரத்துக்கும் கீழே நீளமாக ஒரு தேய்மானக் கறை ஓடுகிறது. இந்த மூன்றையும் யார் செய்தது என்று ஐந்தாவது கேள்வியில் சொன்ன முறைப்படி கேட்டுப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது.

போ, லவ்கிராஃப்ட் எழுத்துல இனவெறி இருக்கே. இதையெல்லாம் இன்னும் படிக்கணுமா?

இருக்கிறது, மழுப்ப வேண்டியதில்லை. போவின் ‘தி கோல்டு-பக்’ (1843) கறுப்பினத்தவரான ஜூபிட்டரைக் கேலிப்பொருளாக்குகிறது. இர்விங்கிலும் அப்படிப்பட்ட சித்திரிப்புகள் உண்டு, கில்மனின் பிற எழுத்துகளில் இனவாதம் வெளிப்படையாகவே வருகிறது. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் ‘தி ஹாரர் அட் ரெட் ஹுக்’ (1927) குடியேறிகள் மீதான வெறுப்பையே பயமாக விற்கிறது. அதைத் தாராளமாக விட்டுவிடலாம், கதையாகவும் அது மட்டம்.

அதோடு நிறுத்தாமல் கறுப்பின எழுத்தாளரான சார்ல்ஸ் செஸ்நட்டைப் படியுங்கள். 1899இல் வந்த ‘தி கான்ஜூர் வுமன்’ தொகுப்பில் ஏழு கதைகள். வட கரோலினாவில் திராட்சைத் தோட்டம் வாங்கிய வெள்ளையரிடம், அடிமையாக இருந்த ஜூலியஸ் கிழவர் சொல்பவை. ‘போ சாண்டி’ கதையில், தோட்டம் தோட்டமாக இரவல் அனுப்பப்படும் சாண்டியை அவன் மனைவி மந்திரத்தால் பைன் மரமாக்கி வைக்கிறாள். அவளை வெளியூர் அனுப்பிய சமயத்தில் முதலாளி அந்த மரத்தை வெட்டிப் பலகையாக அறுத்து அடுப்படி கட்டுகிறார். இரவில் அந்தப் பலகைகள் முனகுகின்றன. அடிமை முறையில் மனிதனை எப்படிப் பொருளாகக் கணக்கிட்டார்கள் என்பதை இதைவிட நேராகச் சொன்ன பேய்க்கதை வேறில்லை. அந்தப் பழைய கட்டடத்தைப் பிரிக்கவிடாமல் செய்வதில் ஜூலியஸுக்கும் ஓர் ஆதாயம் இருக்கிறது. அது என்னவென்று கதையில் பாருங்கள். வட்டார வழக்கில் இருப்பதால் கண்ணால் படித்தால் புரியாது, வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

‘டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ மூணு தடவை ஆரம்பிச்சு விட்டுட்டேன். அதுல பேய் இருக்கா இல்லையா?

ஹென்றி ஜேம்ஸின் இந்தக் கதை (1898) ஏறத்தாழ 42,000 சொற்கள், முன்னுரைப் பகுதியோடு 24 அத்தியாயங்கள். ஒரே அமர்வு என்ற விதி இதற்குப் பொருந்தாது. முதலில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்ததால் நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று போவது இயல்பாகவே அமையும்.

இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வீட்டுக்கு வரும் ஆசிரியைதான் கதையைச் சொல்கிறாள். பேயெல்லாம் அவளுடைய மனப்பிரமை என்ற வாசிப்பை 1934இல் விமர்சகர் எட்மண்ட் வில்சன் பரவச் செய்தார். அவள் காண்பதைத் தாங்களும் கண்டதாக வேறு யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பது அதற்குப் பலம். எதிர்ப்பக்கத்தின் பலம் ஐந்தாம் அத்தியாயம்: முன்பின் அறியாத ஆளின் முகத்தை அவள் வர்ணிக்கிறாள், கேட்ட வீட்டு மேற்பார்வையாளர் மிஸஸ் க்ரோஸ் உடனே இறந்துபோன வேலைக்காரன் குவின்ட்டின் பெயரைச் சொல்கிறாள். முதல் வாசிப்பில் பேயை நம்பிப் படித்துவிட்டு, இரண்டாவதில் மேலே சொன்ன நான்கு கேள்விகளோடு போவது நல்லது. முதலிலேயே சந்தேகத்தோடு நுழைந்தால் குழந்தைகள் மீதான கவலை வராது. அந்தக் கவலை இல்லாமல் இந்தக் கதையில் ஒன்றுமில்லை.

பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?

இர்விங்கின் ‘ரிப் வான் விங்கிள்’, ‘ஸ்லீப்பி ஹாலோ’ இரண்டையும் பத்து வயதுக்கு மேல் படித்துக் காட்டலாம். போவின் ‘தி பிளாக் கேட்’ வேண்டாம், அதில் விலங்கின் மீதும் மனைவி மீதும் நடக்கும் வன்முறை பெரியவர்களுக்கே தாங்காது.

‘தி லாட்டரி’ல பேயே இல்லையே, அதை ஏன் எல்லாரும் இதோட சேர்க்கறாங்க?

முடிவு உண்டு. முந்நூறு பேர் உள்ள சிற்றூர், ஜூன் 27 காலை, பூக்களும் பசும்புல்லும், பிள்ளைகள் விளையாட்டாகக் கல் பொறுக்கிக் குவிக்கிறார்கள். குவியல் இரண்டாம் பத்தியிலேயே இருக்கிறது. சீட்டு யாருக்கு விழுகிறதோ அவரை ஊரே சேர்ந்து கல்லால் அடித்துக் கொல்வது வழக்கம். ஏன் என்று யாருக்கும் நினைவில்லை. 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் இது வந்ததும் ஜாக்சனுக்கு அந்தக் கோடையில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. திட்டியவர்கள் பலர். இப்படிப்பட்ட லாட்டரி எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ‘யங் குட்மன் பிரவுன்’ படித்த சூட்டோடு இதைப் படியுங்கள். அங்கே ஒருவன் ஊரைக் குற்றவாளியாக்குகிறான், இங்கே ஊர் கூடி ஒருத்தியை.

எல்லாம் முடிச்சாச்சு. அடுத்து?

மேரி வில்கின்ஸ் ஃப்ரீமனின் ‘லுயெல்லா மில்லர்’, ஓ. ஹென்றியின் ‘தி ஃபர்னிஷ்ட் ரூம்’, பியர்ஸின் ‘தி மூன்லிட் ரோடு’. கடைசியில் சொன்னதில் ஒரே கொலையை மூவர் சொல்கிறார்கள், மூன்றாமவர் இறந்தவரே. இவற்றுக்குப் பிறகு ஈடித் வார்ட்டனின் ‘ஆஃப்டர்வர்ட்’ (1910). கதை நடக்கும் வீட்டில் ஒரு பேய் உண்டு, ஆனால் பார்த்தவருக்கு அது பேய் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரியும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்ன பிறகும், வீட்டுக்கு யார் வந்துபோகிறார்கள் என்பதை அங்கே குடியேறிய மேரி பாயின் என்ற பெண் கவனிக்காமல் விடுவது போலவே நாமும் விட்டுவிடுகிறோம். ஒரு மாலை முழுவதும் ஒதுக்கிப் படியுங்கள்.